இரண்டாம் தண்ணீர்

விடிவதற்குள் இரண்டு கிழங்கு எடுத்து வைக்கிறேன்.
முட்டை அளவு. அதற்கு மேல் இல்லை.
கீழாந்தூர் மண் நகக்கண்ணில் ஏறுகிறது.
தோலைச் சீவ வேண்டும், கொஞ்சம் தடிமனாகவே.
இத்தனை வருஷம் தோலோடு சுட்டுத் தின்ற கை
தயங்கித் தயங்கித்தான் சீவுகிறது.

பெரிய துண்டு உதவாது என்றாள்
உடுமலை ஆஸ்பத்திரியில்
சாப்பாட்டுச் சீட்டு எழுதித் தரும் பெண்.
"தீக்குச்சி மாதிரி நறுக்குங்கண்ணா.
உள்ள இருக்கறது வெளிய வர வழி வேணாமா?"
உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.
பொட்டாசியம் என்றாள்.
நான் விழித்தேன்.
இடக்கையில் இரண்டு ஊசியோடு படுத்திருந்த வேலுத்தாய்
மெஷின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தாள்:
"நம்ம பொட்டாஷ்தான்யா."

சிவப்பு உப்பு. அரை மூட்டை.
கிழங்கு பருக்கட்டும் என்று
அவளே மடியில் கட்டி
அடுக்கு வயல் முழுக்கத் தூவியது.
செடி குடித்தது, கிழங்கு சேர்த்து வைத்தது.
சேர்ந்ததை வெளியே தள்ள
அவளுக்குள் இப்போது ஆளில்லை.
ரத்தத்தில் மிஞ்சினால்
வலிக்காதாம், காய்ச்சல் காட்டாதாம்,
நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிடுமாம்,
பிறகு அடுத்ததையும்.

பெரிய சட்டி நிறையத் தண்ணீர்.
குக்கர் ஆகாது, ஆவியில் அவிப்பதும் ஆகாது.
கொதித்ததும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர்.
மறுபடி கொதி, குச்சி குழையும் வரை.
மறுபடி வடி.
முதல் மாதம் இதெல்லாம் செய்யவில்லை.
ராத்திரி ஊறப் போட்டேன், காலையில் கொட்டினேன்,
வேலை முடிந்தது என்று நினைத்தேன்.
பரிசோதனைத் தாளில் ஆறு புள்ளி இரண்டு.
"ஊறினா மட்டும் போதாதுண்ணா."
அந்தப் பெண் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

சோடியம் குறைந்த நல்ல உப்பு என்று
மூணாறிலிருந்து ஒரு பாக்கெட் கொண்டுவந்தான் அக்கா மகன்.
பின்பக்கப் பொடி எழுத்தை
வேலுத்தாய் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.
அதுவும் பொட்டாஷ். வெள்ளை வேஷம்.
பாக்கெட் இன்னும் பிரிக்காமல் மாட்டுக்கொட்டகைப் பரணில்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை
சின்னாறு சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் மண் சரிந்தது.
மறையூரிலேயே பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள்.
ரத்தம் சுத்தம் பண்ண வேண்டிய நாளில்
ரத்தத்தோடு வீடு திரும்பினோம்.
"ரெண்டே ரெண்டு துண்டு, வடிச்சதுதானே" என்றாள்.
இன்னிக்கு வடிச்சதும் கிடையாது என்றேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
ஆஸ்பத்திரிக்கு நான் நாலு தடவை போன் போட்டேன்.
ராத்திரி முழுக்க அவள் மணிக்கட்டில் என் விரல்.
எண்ணுவேன், குழம்பும், முதலிலிருந்து எண்ணுவேன்.
"தூங்கவிடுய்யா" என்று ஒருமுறை உதறினாள்.
அந்த உதறல் எவ்வளவு நன்றாக இருந்தது.
விடிந்ததும் பூண்டு ஏற்றும் ஜீப் ஒன்று
சரிந்த மண்ணின் மேலேயே ஏறி எங்களைக் கடத்தியது.

இன்றைக்குத் தாளில் நாலு புள்ளி ஒன்பது.
வடித்த தண்ணீர் வாசலில் ஆறுகிறது.
அதில் ரசம் வைத்துவிடாதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், தினமும்.
ஆறியதும் பூண்டுப் பாத்திக்கு.
அது அவள் உத்தரவு.

கடுகு, கறிவேப்பிலை, மிளகு இரண்டு தட்டு.
அரைக் கிண்ணம்.
மென்றாள். "சக்கை" என்றாள்.
பிறகு இன்னொரு வாய்.
"எந்த வயல் கிழங்கு இது?"
மேல் வயல் என்றேன்.
"பொய். மேல் வயலுது வாயில ஒட்டும்.
இது ஓடைக்கரை."

ஓடைக்கரைதான்.
இரண்டு தண்ணீர் வடித்திருக்கிறேன்.